பேருந்தும் பொதுமையும்: மகாராஜபுரம் வழித்தடத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஊர்திகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். மாட்டு வண்டி போய்ப் புகைவண்டி வந்தது, புகைவண்டி எட்டாத ஊர்களுக்கு உந்துவண்டி வந்தது, தனியார் வசமிருந்த வண்டிகள் அரசின் வசமாயின என்று நிரல்படக் கூறி அமைகின்றனர். அங்ஙனம் கூறுவது பிழையன்று, ஆயின் நிறைவுடையதுமன்று. ‘பொதுப் போக்குவரத்து’ என்னும் தொடரில் ‘போக்குவரத்து’ என்பதன் வரலாறு அதனால் விளங்கும். ‘பொது’ என்னும் அடைமொழியின் வரலாறு விளங்காது. வண்டி வந்த நாளிலேயே அது எல்லார்க்கும் பொதுவாயிற்றா? இல்லையெனின், எப்பொழுது, எதனால் பொதுவாயிற்று? இவ்வினாக்களையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆய்வுக்களமாக நாம் கொள்வது மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்த்திசை அடிவாரம். திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் என்னும் இரு நகரங்களும், அவற்றின் வடபால் வத்திராயிருப்பும், வத்திராயிருப்பிலிருந்து சதுரகிரி மலையடியாகிய தாணிப்பாறை நோக்கிச் செல்லும் வழியிலுள்ள மகாராஜபுரமும் இதன்கண் அடங்கும். இப்பகுதி முற்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பெற்றபோது அதனுடன் இணைந்தது. 1985-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பெற்றபோது விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய மாவட்டத்தின்கண் அமைந்தது. இம்மாவட்ட மாற்றங்களை முதற்கண் கூறுவதற்குக் காரணம் உண்டு. பேருந்தின் பொதுமை பற்றிய இரு பெரும் நிகழ்ச்சிகள், ஒன்று பழைய மாவட்டத்திலும் மற்றொன்று புதிய மாவட்டத்திலும், எழுபது ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்தன. அவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. சொல்லாராய்ச்சி

‘பஸ்’ என நாட்டில் வழங்கும் சொல் ‘ஆம்னிபஸ்’ என்பதன் முதற்குறை போன்றது. ‘ஆம்னிபஸ்’ என்பது இலத்தீன் மொழியில் ‘அனைவர்க்கும்’ எனப் பொருள்படும் நான்காம் வேற்றுமைப் பன்மை வடிவம். பிரான்சு நாட்டின் நாந்து நகரில் 1826-இல் பலரும் ஏறிச் செல்லுதற்குரிய குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கியபோது இப்பெயர் வழங்கலாயிற்று. 1828-இல் பாரிசிலும் 1829-இல் இலண்டனிலும் அவ்வண்டி பரவியது. பின்னர்ச் சொல்லின் முற்பகுதி தேய்ந்து ஈறு மட்டும் எஞ்சிற்று. எஞ்சிய ‘பஸ்’ என்பது வேற்றுமை உருபின் பகுதியே. ‘அனைவர்’ என்னும் பெயர்ப்பகுதி ஒழிய, ‘க்கும்’ என்னும் உருபுப்பகுதி மட்டும் நின்று ஒரு பொருளின் பெயரானது சொல்வரலாற்றில் வியக்கத்தக்க நிகழ்ச்சியாம்.

தமிழில் இதற்கு ஈடாக நிலைபெற்ற ‘பேருந்து’ என்னும் சொல்லோ வேறு வழியில் அமைந்தது. பெருமை என்னும் பண்புப்பெயர் உயிர்முதல் மொழியோடு புணருங்கால், ஈறு கெட்டு முதல் நீண்டு ‘பேர்’ என நிற்கும். பேரூர், பேராறு, பேரரசு என்பன இங்ஙனம் அமைந்தனவே. அவ்வாறே ‘உந்து’ என்பதனோடு புணர்ந்து ‘பேருந்து’ ஆயிற்று. உந்தப்பெற்றுச் செல்லும் பெரிய ஊர்தி என்பது பொருள். ‘ஓட்டுநர்’, ‘நடத்துநர்’ என்னும் சொற்களும் ‘நர்’ விகுதி பெற்றுச் செம்மையாக அமைந்துள்ளன. ஆயின் மூலச் சொல்லில் இருந்த ‘அனைவர்க்கும்’ என்னும் பொருள் தமிழ்ச் சொல்லில் இடம்பெறவில்லை. மூலச் சொல் ஏறுவோரை நோக்கியது. தமிழ்ச் சொல் ஊர்தியின் உருவை நோக்கியது. இதனைக் குறையென்று கூற வந்தோமல்லேம். ‘அனைவர்க்கும்’ என்னும் பொருளைப் பேருந்து தன் பெயராற் பெறவில்லை, தன் வரலாற்றாற் பெற்றது என்பதையே சுட்டுகின்றோம்.

மக்கள் வழக்கிலும் இவ்வேறுபாட்டின் சுவடு உண்டு. தென்மாவட்டங்களில் சென்ற தலைமுறையினர் பலரும் ஏறிச் செல்லும் பேருந்தைக் ‘கார்’ என்றும், செல்வர் தமக்கென வைத்திருந்த சிற்றுந்தைப் ‘பிளஷர்’ என்றும் வழங்கினர். ஒருவர் இன்பத்திற்கு ஓடுவது பிளஷர். ஊரார் தேவைக்கு ஓடுவது கார். பொதுவுடைமைக்கும் தனியுடைமைக்கும் இடையே மக்கள் தாமே வகுத்துக்கொண்ட பாகுபாடு இது.

இனி, ‘பொது’ என்னும் சொல்லை நோக்குவோம். இலக்கண நூலார் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் எனப் பகுப்பர். ஊர் மக்கள் கூடும் மன்றத்திற்குப் ‘பொதியில்’ என்பது பழம்பெயர். பொது இல் என்பதே அவ்வாறு மருவிற்று என்பர். இவ்விடங்களிலெல்லாம் ‘பொது’ என்பது இனிய சொல்லாகவே நிற்கின்றது. ஆயின் புறநானூற்றுப் பாடல்களில் மற்றொரு குறிப்பும் உண்டு. இவ்வுலகம் பிறவேந்தர்க்கும் பொது என்று சொல்லும் சொல்லைப் பொறுக்க மாட்டாத வேந்தன் ஆண்டுப் புகழப்படுகின்றான். தனக்குரியது பிறர்க்கும் உரியது என்னும் சொல் அவன் செவிக்கு வெம்மையாயிற்று. அரசர்க்குப் பெருமையாகக் கூறப்பெற்ற இக்குணம் பிற்காலத்தில் சாதிக்குரிய குணமாகச் சமுதாயத்தில் வேரூன்றியது என்று கருத இடனுண்டு. பேருந்தின் வரலாறு இப்பொறாமையோடு நிகழ்ந்த நெடும்போராகும்.

3. பேருந்துக்கு முற்பட்ட நிலை

பண்டைத் தமிழகத்தில் நெடுவழிப் பயணம் கூட்டமாகவே நிகழ்ந்தது. உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டிகளை வரிசையாக ஓட்டிச் சென்றமையைச் சங்கப் பாடல்கள் பலபடப் பேசுகின்றன. பிற்காலத்தில் பெருவழிகள் அமைந்தன. 1689 முதல் 1706 வரை மதுரை நாயக்கர் ஆட்சியை நடத்திய இராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் சாலைகளும் சத்திரங்களும் தென்னாட்டில் இன்றும் நினைக்கப்படுகின்றன. ஆயின் சாலை இருந்தமையால் அதில் யாவரும் நடந்தனர் என்று கொள்ளற்க. ஊர்த்தெருக்களிலும் சில பாதைகளிலும் ஒடுக்கப்பட்டோர் நடத்தல் தடுக்கப்பட்டிருந்தது. பொதுச் சாலைகளும் கிணறுகளும் அலுவலகங்களும் எல்லா மக்களுக்கும் உரியன என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்து நிறைவேறச் செய்தது 1924-இல்தான். சாலையே அவ்வாண்டில்தான் ஏட்டளவில் பொதுவாயிற்று எனின், அச்சாலையில் ஓடும் வண்டி பொதுவாதற்கு மேலும் காலம் வேண்டியிருந்தமை வியப்பன்று.

புகைவண்டி இப்பகுதிக்குப் பிந்தியே வந்தது. மதுரையிலிருந்து விருதுப்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1876-இல் அமைந்தது. விருதுப்பட்டி என்பதே பின்னர் விருதுநகர் எனப் பெயர் பெற்றது. அங்கிருந்து சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் கிளைப்பாதை 1927-இல் திறக்கப்பெற்றது. இப்பாதை மலையடியூர்களைத் தொடாது கிழக்கே ஒதுங்கிச் சென்றது. ஆகவே வத்திராயிருப்பும் மகாராஜபுரமும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் புகைவண்டியின் பயனை நேரே பெறவில்லை. நிலையம் சேர்வதற்கும் வண்டி வேண்டியிருந்தது. இவ்வூர்களைப் பொறுத்தவரை பொதுப் போக்குவரத்து என்பது பேருந்தே, பிறிதொன்றில்லை. சென்னை போன்ற நகரில் 1895 முதல் 1953 வரை டிராம் வண்டி ஓடியது. நகர்ப்புற இரயில் ஓடியது. ஒன்றில் இடமில்லையெனின் மற்றொன்றில் ஏறலாம். மலையடிச் சிற்றூரில் ஒரே வண்டிதான். அதில் ஏற்ற மறுத்தால் நடத்தலன்றி வேறு வழியில்லை. இவ்வேறுபாட்டை உளங்கொள்ளாதார்க்குப் பின்வரும் நிகழ்ச்சியின் அருமை விளங்காது.

4. தனியார் பேருந்தும் விலக்கும்

தென்னாட்டில் ஒழுங்குமுறையான பேருந்துப் பணியைத் தொடங்கியவருள் முன்னோடி டி. வி. சுந்தரம் ஐயங்கார் ஆவார். மதுரையை நிலைக்களமாகக் கொண்டு 1912-ஐ ஒட்டித் தொடங்கிய அவர் நிறுவனம் குறித்த நேரத்தில் வண்டி புறப்படுவதற்குப் பெயர் பெற்றது. வண்டி சென்றதைக் கண்டு மக்கள் மணி அறிந்தனர் என்று மதுரைப் பகுதியில் இன்றும் கூறுவர். கதிரவனையும் நிழலையும் கொண்டு பொழுதறிந்த நாட்டுப்புறத்திற்குப் பேருந்து கடிகாரத்தைக் கொண்டுவந்தது எனலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டபோது, கரியை எரித்து எழும் வாயுவால் வண்டிகளை ஓட்டினர். சிறிய உரிமையாளர்கள் பலரும் ஒன்றிரண்டு வண்டிகளை வைத்துத் தத்தம் ஊர்ப்புறங்களில் ஓட்டினர். 1936-இல் நிறுவப்பெற்ற இராஜபாளையம் ஆலையும் அதனைத் தொடர்ந்தெழுந்த பிற நூற்பாலைகளும் சுற்றூர்களிலிருந்து நாள்தோறும் தொழிலாளரை ஈர்த்தமையால் பயணிகளின் தொகை பெருகிற்று.

இவ்வண்டிகள் எல்லார்க்கும் உரியனவாய் இருந்தனவா எனின், இல்லை என்பதே விடை. 1920-களில் இப்பகுதியிலும் பிற பகுதிகளிலும் ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்த பேருந்து உரிமையாளர்கள் இருந்தனர். இவ்விடத்து ஒரு வினா எழும். வணிகர் பொருளையே நோக்குவர்; கட்டணம் தருவார் யாவராயினும் ஏற்றுவதன்றோ வணிகர்க்கு ஆதாயம்? ஆதலின் சந்தையே நாளடைவில் இவ்விலக்கை நீக்கியிருக்காதோ எனின், அற்றன்று. ஒருவரை ஏற்றினால் அவரோடு ஒரு பலகையில் அமர விரும்பாத பலர் வேறு வண்டிக்குப் போய்விடுவர் என்று உரிமையாளர் அஞ்சினர். அக்கூட்டத்தின் கட்டணத்தை இழப்பதினும் இவ்வொருவரின் கட்டணத்தை இழப்பது அவர்க்கு இலாபமாயிற்று. சாதி வழக்கம் சந்தைக்குப் புறத்தே நிற்கவில்லை. சந்தையின் கணக்குக்குள்ளேயே புகுந்திருந்தது. ஆகவே சந்தை அதனைத் தானே நீக்கும் என்று காத்திருப்பதற்கு ஆதாரமில்லை.

உலக வரலாறும் இதனையே காட்டுகின்றது. குறித்த வழியில், குறித்த கட்டணத்தில், யாவரும் ஏறத்தக்க வண்டி என்னும் எண்ணத்தை முதன்முதல் நடைமுறைப்படுத்தியவர் பிரெஞ்சுக் கணிதமேதை பாசுகல். அவர் முயற்சியால் 1662 மார்ச்சுத் திங்களில் பாரிசில் ஐந்து காசுக் கட்டணத்தில் வண்டிகள் ஓடலாயின. ஆயின் அந்நகரின் உயர்நீதி மன்றம் போர்வீரரும் ஏவலரும் கூலித் தொழிலாளரும் அவற்றில் ஏறலாகாது என விதித்தது. சில ஆண்டுகளில் அவ்வண்டிகள் மறைந்தன. பொது வண்டியின் முதல் வரலாறே விலக்கோடுதான் தொடங்குகின்றது.

5. உரிமத்தின் வழி வந்த உரிமை

பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இவ்விலக்கை முறித்தவர் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார். 1893-இல் பட்டிவீரன்பட்டியில் பிறந்த இவர், 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதலாம் மாகாணச் சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். தெருவிலும் கோயிலிலும் பல தலைமுறைகளாக மறுப்புக்களைச் சந்தித்துப் போராடி வந்த நாடார் சமூகத்தில் தோன்றியவர். அப்போராட்டத்தின் கொடுமை மிக்க அத்தியாயமாகிய 1899-ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரம் நிகழ்ந்தது நம் ஆய்வுக்களத்தின் அண்மையிலேயே.

1920-களின் இறுதியில் இவர் இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் (அக்கால வழக்கில் ஜில்லா போர்டு) தலைவரானார். அப்பொழுது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் நீக்கப்பெறும் என்று ஆணையிட்டார். ஆணை சிறிது, அதன் அமைப்பு நுட்பமானது. அக்காலத்தில் மாவட்டச் சாலைகளைப் பேணியது மாவட்டக் கழகமே. அச்சாலைகளில் வாடகைக்கு ஓடும் உந்துவண்டிகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரமும் அதனிடமே இருந்தது. சாலை பொதுமக்கள் வரிப்பணத்தால் ஆயது. அதில் ஓடிப் பொருளீட்டும் உரிமையைப் பெறுவோன் அப்பொதுமக்களுள் ஒரு சாராரை விலக்குதல் கூடாது. இதுவே அவ்வாணையின் அடிப்படை நியாயம் என நாம் கொள்கின்றோம். அறிவுரையால் மனத்தை மாற்ற முனையாது, உரிமையாளரின் கணக்கை மாற்றியது இவ்வாணை. முன்பு ஏற்றினால் இழப்பு. இப்பொழுது ஏற்றாவிடின் வண்டியே ஓடாது. எல்லா உரிமையாளர்க்கும் ஆணை ஒன்றே ஆதலின், விலக்கு வேண்டுவோர்க்கு ஓடிச்செல்ல வேறு வண்டியும் இல்லாதொழிந்தது. சந்தை செய்யமாட்டாததை உரிமம் செய்தது.

இதன் காலத்தை உணர்தற்கு ஓர் ஒப்புமை கூறலாம். அமெரிக்க நாட்டின் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்சு என்னும் அம்மையார் பேருந்தில் தம் இருக்கையை விட்டு எழ மறுத்தது 1955 திசம்பர் 1-இல். அதனைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் 381 நாள்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். அஃது உலகறிந்த செய்தி. அதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்னரே நம் மாவட்டச் சாலைகளில் இவ்வினா எழுந்து, ஆணையால் விடை கூறப்பெற்றது. ஆண்டுப் போராட்டம் கீழிருந்து எழுந்தது. ஈண்டு ஆணை மேலிருந்து இறங்கியது. அதனாற்போலும் அதனைப் பற்றிய நினைவு நம்மிடை மெலிந்துள்ளது.

6. சட்டமும் அரசுடைமையும்

ஒரு மாவட்டத்து ஆணை நாட்டின் சட்டமாதற்குச் சில படிகள் வேண்டியிருந்தன. 1938-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பெற்ற குடியியல் தடை நீக்கச் சட்டம் பொதுவிடங்களிலும் பொது வசதிகளிலும் தீண்டாமையைத் தடுத்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் பொது ஊர்திகளில் ஏறுவதைத் தடுத்தலைத் தண்டனைக்குரிய குற்றமாக வெளிப்படையாகவே கூறியது. இதற்கிடையில் 1939-ஆம் ஆண்டின் உந்துவண்டிச் சட்டம் வழித்தட அனுமதி வழங்கும் பொறுப்பைப் போக்குவரத்து அதிகார அமைப்புக்களிடம் ஒப்படைத்தது. உரிமம் என்னும் கருவி மாவட்டக் கழகத்தின் கையிலிருந்து நீங்கியது. எனினும் அதனால் வந்த உரிமை சட்டமாக நிலைத்தது.

அடுத்த படி உடைமை பற்றியது. சென்னை நகரில் 1947-ஐ ஒட்டித் தொடங்கிய அரசுப் பேருந்து, 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்த் தமிழகம் முழுதும் விரிந்தது. பெரிய நிறுவனங்களின் பேருந்துகளை அரசு கையகப்படுத்தியது. 1972-இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், குடந்தையில் சோழன் என்னும் பெயர்களால் கழகங்கள் அமைந்தன. 1974-இல் கட்டபொம்மன் பெயரால் ஒன்று அமைந்தது. சிறிய உரிமையாளரின் தனியார் பேருந்துகள் அரசுப் பேருந்துகளுடன் இன்றும் ஓடுகின்றன.

அரசுடைமையால் வந்த மாற்றம் யாது? ஏறும் உரிமை முன்னரே வந்துவிட்டது. ஆயின் ஏறுவதற்கு வண்டி வேண்டுமே! ஆதாயமுள்ள வழியில் ஈட்டியதைக் கொண்டு ஆதாயமில்லாத வழியிலும் வண்டி விடுதல் ஒரு பெரிய கழகத்திற்கே இயலும். திருவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கூட்டத்திற்குக் குறைவில்லை. கிருட்டிணன்கோவிலில் அந்நெடுஞ்சாலையை விட்டு வத்திராயிருப்புக்குத் திரும்பி, அங்கிருந்து மகாராஜபுரம் சேரும் வழி அத்தகையதன்று. ஆடி அமாவாசையில் சதுரகிரி செல்லும் அடியவரால் அவ்வழி நிரம்பி வழியும். சிறப்புப் பேருந்துகள் விடப்படும். ஏனைய நாள்களில் பள்ளிப் பிள்ளைகளும், சந்தைக்குச் செல்வோரும், மருத்துவமனைக்குச் செல்வோரும், ஆலைத் தொழிலாளருமே பயணிகள். ஒரு வழித்தடத்தின் வரவு செலவை மட்டும் நோக்கின் இத்தகைய ஊர்க்கு வண்டி விடுதல் அரிது. முன்பு சாதியால் விலக்குண்டோர்க்கு உரிமத்தால் பொதுமை வந்தது போல, தொலைவால் விலக்குண்ட ஊர்க்கு உடைமை மாற்றத்தால் பொதுமை வந்தது.

அரசுப் பேருந்துகளில் திருக்குறட் பலகை வைக்கும் வழக்கமும் தமிழாய்வாளர் நோக்கத்தக்கது. பொதுமறை எனப் போற்றப்படும் நூல் பொது ஊர்தியில் இடம் பெற்றது. நூலகம் செல்லாதாரும் நாள்தோறும் ஒரு குறளைக் கண்ணுறும் வாய்ப்பை இப்பலகை தந்தது.

7. பெயரில் எழுந்த பூசல்

உரிமையும் உடைமையும் பொதுவான பின்னரும் ஒன்று எஞ்சி நின்றது. அது பெயர்.

கழகங்களின் பெயர்களை நிரல்பட வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். 1972-இல் இடப்பெற்ற பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்பன அரசமரபுப் பெயர்கள். அவற்றை எந்த ஒரு பிரிவினரும் தமக்கே உரியன என்று கொண்டு பிறரை விலக்குதல் எளிதன்று. அவை இலக்கணத்தார் கூறும் பொதுப்பெயர் போல்வன. பின்னர்க் கழகங்கள் பலவாகப் பிரிக்கப்பெற்றபோது தீரன் சின்னமலை, மருது பாண்டியர், இராணி மங்கம்மாள், நேசமணி, ஜீவா எனத் தனிமாந்தர் பெயர்கள் வந்தன. நாட்டுக்கு உழைத்தோரைப் போற்றும் நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆயினும் இப்பெயர்கள் சிறப்புப்பெயர்கள். அவற்றுட் சிலவற்றை அவ்வப் பெரியார் தோன்றிய சமூகத்தினர் தம் பெருமையின் அடையாளமாகக் கொள்ளலாயினர்.

1997-இல் விருதுநகர் மாவட்டத்திற்கெனத் தனிக்கழகம் அமைத்து, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு சூட்டியது. கட்டபொம்மனுடன் நின்று வெள்ளையரை எதிர்த்தவராகப் போற்றப்படும் சுந்தரலிங்கம் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் தோன்றிய வீரர். அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஒரு சாரார் எதிர்த்தனர். பூசல் கலவரமாயிற்று. திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரங்களும் அதனால் துன்புற்றன, உயிர்கள் மாண்டன. அவ்வாண்டின் நடுவிலேயே அரசு கழகங்கள் மாவட்டங்கள் ஆகிய அனைத்தின் தலைவர் பெயர்களையும் நீக்கியது. கழகங்கள் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் ஒரே பெயரின்கீழ்க் கோட்டப் பெயரால் வழங்கலாயின. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று.

எழுபது ஆண்டுகட்கு முன் இதே நிலப்பரப்பில் நிகழ்ந்ததனை இதனோடு ஒப்பிடுக. ஆண்டு, ஒடுக்கப்பட்டவர் வண்டிக்குள் அமர்தலைப் பொறாதார் இருந்தனர். ஈண்டு, அவர் பெயர் வண்டியின் மேல் அமர்தலைப் பொறாதார் இருந்தனர். முன்னதில் ஆணையிட்டோர் பின்வாங்கவில்லை, வண்டி பொதுவாயிற்று. பின்னதில் எல்லாப் பெயர்களும் நீங்கின. அமைதி கருதிச் செய்த அம்முடிவு பூசலைத் தணித்தது உண்மை. எனினும் ஒரு பெயரை ஏற்க மறுத்தமைக்காக எல்லாப் பெயர்களும் நீங்கியது, பொதுமை எய்தியதாகுமா, பொதுமை என்னும் வினாவை ஒத்தி வைத்ததாகுமா என்பது சிந்தித்தற்குரியது. பெயரின்மை பொதுமை ஆகாது என்பதே நம் கருத்து. எல்லார் பெயரையும் எல்லாரும் பொறுத்தலே பொதுமை.

பேருந்து இங்ஙனம் பூசலுக்குக் களமானது தற்செயலன்று. 1995-இல் தென்மாவட்டங்களில் பரவிய கலவரத்திற்கும் வீரசிகாமணியில் ஒரு பேருந்தை முன்னிட்டு எழுந்த சச்சரவே தொடக்கம். ஊரும் குடியிருப்பும் தனித்தனியே அமைந்த நாட்டுப்புறத்தில் எல்லாரும் தோளோடு தோள் நெருங்கி நிற்கும் இடம் பேருந்து. பொதியில் மறைந்த ஊரில் நகர்ந்து செல்லும் பொதியில் அது. ஆதலின் பொதுமையைப் பொறாதாரின் சினமும் அதன்மேலேயே விழுந்தது.

8. ‘நகர’ப் பேருந்தும் சிற்றூரும்

இறுதியாக ஒரு பெயர்முரணைக் காட்டுவோம். தமிழகப் போக்குவரத்து வழக்கில் நகரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் இணைத்துக் குறுந்தொலைவு ஓடுவது ‘நகரப் பேருந்து’. நகருக்கு நகர் செல்வது ‘புறநகர்ப் பேருந்து’. இதனால், வயலும் தோப்பும் சூழ்ந்த சிற்றூர்க்குச் செல்லும் வண்டி நகரப் பேருந்தாகவும், மதுரை மாநகர்க்குச் செல்லும் வண்டி புறநகர்ப் பேருந்தாகவும் பெயர் பெறுகின்றன. மக்களும் ‘டவுன் பஸ்’ என்றே கூறுவர். வண்டி புறப்படும் இடத்தை நோக்கிப் பெயரிட்டனர். சேரும் இடத்தை நோக்கவில்லை. சிற்றூரைப் பெயரளவில் மறந்த இவ்வழக்கே பின்னர்ச் சிற்றூர்க்கு நன்மையாய் முடிந்தது ஒரு வியப்பு.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என அரசு ஆணையிட்டது. பின்னர் இது ‘விடியல் பயணம்’ எனப் பெயர் பெற்றது. இவ்வாணை ‘நகரப் பேருந்து’ என்னும் வகைக்கு உரியதாதலின், அவ்வகை வண்டி செல்லும் சிற்றூர் மகளிர்க்கும் அப்பயன் கிட்டியது. ஆலைக்கும் தோட்டத்திற்கும் கல்லூரிக்கும் செல்லும் பெண் ஒருத்திக்கு நாட்கூலியில் ஒரு பங்கோ, பிறரிடம் கேட்டுப் பெறவேண்டிய சில்லறையோ இதனால் மிஞ்சுகின்றது. சாதியால் விலக்கு, தொலைவால் விலக்கு என்பவற்றின் பின், கையிற் காசின்மையால் நேரும் விலக்கு இங்ஙனம் ஒரு சாரார்க்கு நீங்கியுள்ளது. 1997-இல் தொடங்கிய சிற்றுந்துத் திட்டம், பெரிய வண்டி செல்லமாட்டாத குறுஞ்சாலைகளுக்கும் இப்பணியை நீட்டியமையும் ஈண்டுக் கருதத்தக்கது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. பேருந்து வந்த நாளிலேயே பொதுவாயிற்றில்லை. 1920-களின் இறுதியில் உரிமத்தின் வழியாக ஏறும் உரிமை பொதுவாயிற்று. 1938, 1950, 1955-ஆம் ஆண்டுச் சட்டங்களால் அவ்வுரிமை நிலைபெற்றது. 1972-ஐ ஒட்டி உடைமை பொதுவாகி, ஆதாயமில்லாத ஊர்க்கும் வண்டி செல்ல வழி பிறந்தது. 2021-இல் மகளிர்க்குக் கட்டணத் தடை நீங்கியது. இப்படிகளுள் ஒன்றேனும் பொறியின் வளர்ச்சியால் தானே வந்ததன்று. ஒவ்வொன்றும் ஒருவர் முன்வந்து முடிவு செய்தமையால் வந்தது. 1997-இல் பெயர் பற்றி எழுந்த வினா மட்டும் விடைபெறாது நிற்கின்றது.

ஆதலின், சிற்றூர்களின் போக்குவரத்து வரலாற்றை ஆராயப் புகும் மாணாக்கர் வண்டி எவ்வாண்டு வந்தது என்பதோடு அமையாது, அதில் யாவர் ஏறினர், யாவர் நின்றனர், எவ்விடத்து வண்டி நின்றது, எவ்விடத்து நில்லாது சென்றது என்பவற்றையும் முதியோரிடம் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். நிறுத்தம் ஊர்மன்றத்தில் உள்ளதா, குடியிருப்பின் எல்லையில் உள்ளதா என்னும் சிறு செய்தியும் அவ்வூரின் சமுதாய வரலாற்றைக் கூறவல்லது. தனியார் பேருந்துக் காலத்தை நேரில் அறிந்தோர் அருகி வருகின்றனர். இப்பணி விரைந்து செய்தற்குரியது. பெயரால் ‘பேருந்து’ ஆகிய ஊர்தி பொருளால் ‘அனைவர்க்கும்’ ஆகிய வரலாறு, ஊர்தோறும் எழுதப்பெற வேண்டுவதாம்.